பயன் தராத பிராணிக்கும் உரிமையுண்டு





வெள்ளவத்தையில் கடலை ஒட்டிச் செல்லும் புகையிரதப் பாதையோரத்திலும், கொட்டாஞ்சேனையின் சந்தைத் தெருக்களிலும் நாம் அன்றாடம் காணும் காட்சி ஒன்றுண்டு. உரிமையாளர் எவருமற்ற கட்டாக்காலி நாய்களும், யாரோ ஒருவர் பெட்டியில் வைத்து விட்டுச் சென்ற பூனைக்குட்டிகளும் அங்கே அலைந்து திரிகின்றன. சிலர் உணவிடுகின்றனர், சிலர் கல்லெறிகின்றனர், பெரும்பாலானோர் காணாதவர்போல் கடந்து செல்கின்றனர். அண்மைக் காலமாக நமது இளைஞர்களிற் சிலர், இவ்வாறான பிராணிகளைக் கொல்லாமல் வைத்துப் பராமரிக்கும் புகலிடங்களுக்குச் சென்று தொண்டாற்ற விரும்புகின்றனர். அப்போது வீட்டில் எழும் கேள்விகள் பல. நாய் நஜீஸ் அல்லவா? நோய் தொற்றாதா? மனிதரே பட்டினி கிடக்கும்போது மிருகத்துக்குப் பணிவிடை எதற்கு? எல்லாவற்றுக்கும் மேலாக, இது நம்முடைய வேலையா?

இக்கேள்விகள் நியாயமானவை. இவற்றுக்கான விடை நமது சொந்த வரலாற்றிலேயே இருக்கின்றது. கொல்லாப் புகலிடம் என்பது மேற்கிலிருந்து நேற்று வந்திறங்கிய புதுமை என்று எண்ணுவோர், மதீனாவையும் திமிஷ்க் எனும் டமஸ்கஸையும் கெய்ரோவையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

மதீனாவில் தொடங்கிய பாடம்

தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலணியில் நீர் மொண்டு வந்து கொடுத்த மனிதர் மன்னிக்கப்பட்டார் என்ற செய்தியை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் அந்நபிமொழியின் இறுதியில் தோழர்கள் ஒரு கேள்வி கேட்கின்றனர். மிருகங்கள் விடயத்திலும் எங்களுக்கு நற்கூலி உண்டா என்று. ஈரமான ஈரல் உள்ள, அதாவது உயிருள்ள ஒவ்வொன்றின் விடயத்திலும் நற்கூலி உண்டு என்பதே நபி (ஸல்) அவர்கள் தந்த விடையின் கருத்தாகும். அங்கே நீர் பெற்ற பிராணி நாய் என்பதை மறந்துவிடலாகாது.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 630) மக்கா வெற்றிக்காகப் பெரும்படை மதீனாவிலிருந்து புறப்பட்டது. வழியில், பாலருந்தும் குட்டிகளுடன் பெண் நாயொன்று கிடந்ததை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். படையினர் எவரும் அதனையும் குட்டிகளையும் தொந்தரவு செய்யாதிருக்க, ஜுஐல் பின் சுராகா (ரழி) என்ற தோழரை அதன் அருகிலேயே காவல் நிற்கப் பணித்தார்கள் என வரலாற்றாசிரியர் வாகிதி பதிவு செய்துள்ளார். உலக வரலாற்றைத் திருப்பிய ஒரு படையெடுப்பின் நடுவே, ஒரு நாய்க்காக ஒரு மனிதர் நிறுத்தி வைக்கப்பட்டார். இன்றைய சொல்லில் கூறின், ஜுஐல் (ரழி) அவர்கள் அன்று ஆற்றியது ஒரு தொண்டர் பணியே.

மற்றொரு நிகழ்ச்சி அன்சாரி ஒருவரின் தோட்டத்தில் நடந்தது. அங்கே நின்ற ஒட்டகம் நபி (ஸல்) அவர்களைக் கண்டதும் முனகிக் கண்ணீர் வடித்தது. அவர்கள் அருகே சென்று அதன் காதின் பின்புறத்தைத் தடவிக் கொடுத்தார்கள், அது அமைதியடைந்தது. பின்னரே உரிமையாளர் யார் என விசாரித்து, பட்டினி போட்டு ஓயாது வேலை வாங்குவதாக ஒட்டகம் முறையிடுகின்றது என அவரைக் கண்டித்தார்கள். அபூதாவூதில் வரும் இச்செய்தியில் வரிசையைக் கவனியுங்கள். முதலில் அஞ்சிய பிராணியை அமைதிப்படுத்தல், பின்பு விசாரணை, அதன் பின்பே கண்டிப்பு.

நாய்களைக் கொல்லும்படி ஆரம்பத்தில் ஒரு கட்டளை இருந்ததே எனச் சிலர் கேட்கலாம். ஆம், இருந்தது. ஆனால் அது பின்னர் நிறுத்தப்பட்டது. நாய்களும் சமுதாயங்களுள் ஒரு சமுதாயமே என்ற கருத்து நபிமொழியிலேயே வந்துள்ளது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பெரும் அறிஞரான இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்கள் (வபாத் ஹிஜ்ரி 478), தீங்கு செய்யாத எந்த நாயையும் கொல்லலாகாது என்பதே இறுதியாக நிலைபெற்ற சட்டம் எனக் கூறியதை, இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில் எடுத்துக்காட்டுகின்றார்கள். கடித்துத் தீங்கு செய்யும் விசர்நாய்க்கு மட்டுமே விதிவிலக்கு அளிக்கப்பட்டது.

சட்டமாக வடிவெடுத்த இரக்கம்

இரக்கம் உள்ளத்தில் இருந்தால் மட்டும் போதாது. அது உரிமையாகவும் கடமையாகவும் எழுதப்படும்போதே நிலைக்கும். இப்பணியைச் செய்தவர்களுள் தலையாயவர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள். டமஸ்கஸில் பிறந்து, கெய்ரோவில் நீதிபதியாகப் பணியாற்றி, ஹிஜ்ரி 660இல் (கி.பி. 1262) வபாத்தான இவர்களும் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்களே. ‘கவாஇதுல் அஹ்காம்’ என்னும் நூலில், மனிதன்மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை இவர்கள் வரிசைப்படுத்தினார்கள்.

தகுந்த உணவளித்தல், தாங்கவியலாச் சுமை ஏற்றாதிருத்தல், தீங்கு செய்யும் பிராணியுடன் ஒன்றாக அடைக்காதிருத்தல், தங்குமிடத்தைச் சீராக வைத்தல், குட்டியை அதன் கண்முன்னே அறுக்காதிருத்தல் என அப்பட்டியல் நீள்கின்றது. ஆயினும் முதல் உரிமையோடு அவர்கள் சேர்த்துக் கூறிய நிபந்தனையே நம்மை வியக்க வைப்பது. ஒரு பிராணி முதுமையாலோ நோயாலோ எவ்விதப் பயனும் தராத நிலையை அடைந்தாலும், அதற்கான செலவைச் செய்வது உரிமையாளன்மீது கடமை என்றார்கள்.

எழுநூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட இக்கருத்தே இன்றைய கொல்லாப் புகலிடத்தின் முழுத் தத்துவமும் ஆகும். பால் வற்றிய பசு, பந்தயத்தில் ஓடமுடியாத குதிரை, கால் முறிந்த தெரு நாய், கண்ணிழந்த பூனை ஆகியவை நமக்கு என்ன தரும் என்பது அங்கே கேள்வியன்று. அவற்றுக்கு நாம் என்ன தரவேண்டும் என்பதே கேள்வி.

கெய்ரோவின் பூனைத் தோட்டம்

இமாம் இஸ்ஸுத்தீன் (ரஹ்) அவர்களின் இறுதி ஆண்டுகளில் எகிப்தை ஆளத் தொடங்கியவர் மம்லூக் சுல்தான் பைபர்ஸ். மங்கோலியரையும் சிலுவைப் படையினரையும் எதிர்த்துப் போரிட்ட இம்மன்னர் இரும்பு உள்ளம் படைத்தவர் எனப் பெயர் பெற்றவர். ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277), இமாம் நவவி (ரஹ்) அவர்கள் வபாத்தான அதே ஆண்டில், அவரும் மறைந்தார். கெய்ரோவின் வடபகுதியில் தாம் கட்டிய பள்ளிவாசலின் அருகே ஒரு தோட்டத்தை, ஆதரவற்ற பூனைகளின் உணவுக்காக அவர் வக்பு செய்தார் எனக் கூறப்படுகின்றது. ‘கைத்துல் குத்தா’, அதாவது பூனையின் தோட்டம் என அது அழைக்கப்பட்டது.

ஏறத்தாழ ஐந்தரை நூற்றாண்டுகள் கழிந்தன. எட்வர்ட் வில்லியம் லேன் என்ற ஆங்கில அறிஞர் 1825இல் கெய்ரோவுக்கு வந்து தங்கி, அந்நகர மக்களின் வாழ்க்கையைக் குறித்து 1836இல் ஒரு நூல் வெளியிட்டார். அத்தோட்டத்தின் கதி என்னவாயிற்று என்பதைக் காதியின் அலுவலகத்துத் தலைமை எழுத்தரிடம் கேட்டறிந்து அவர் அதில் எழுதினார். பராமரிப்பாளர்களும் வாங்கியவர்களும் தோட்டத்தை மீண்டும் மீண்டும் விற்றுவிட்டனர். பழுதடைந்துவிட்டது, சீராக்கப் பெருஞ்செலவாகும் என்பது அவர்கள் சொன்ன காரணம். இறுதியில் ஆண்டுக்குப் பதினைந்து பியாஸ்தர் என்ற அற்பத் தொகையே பூனைகளுக்கு எஞ்சியது.

ஆனால் நேயர்களே, பூனைகள் முற்றாகக் கைவிடப்படவில்லை. வக்புச் சொத்துக்குப் பொறுப்பான காதியின்மீது அச்செலவு ஏறக்குறைய முழுவதும் வந்து விழுந்தது. நாள்தோறும் அஸர் வேளையளவில் நீதிமன்றத்தின் பெரிய முற்றத்துக்கு இறைச்சிக் கழிவுகள் கூடையிற் கொண்டுவரப்பட்டன. பூனைகள் அழைக்கப்பட்டு உண்டன. வீட்டில் பூனையை வைத்திருக்க விரும்பாதவர்கள் அதைக் காதியின் முற்றத்தில் கொண்டுவந்து விட்டுச் சென்றனர் என்றும் லேன் குறிப்பிடுகின்றார்.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை இரண்டு. ஒன்று, நீதிமன்ற முற்றமே பிராணிகளின் புகலிடமாக இருந்த காலம் நம் சமுதாயத்தில் இருந்தது. மற்றொன்று இன்னும் கனமானது. சொத்து போய்விடும், பத்திரம் செல்லரித்துவிடும், பொறுப்பாளர்கள் தவறுவர். கடமையைத் தம்முடையதாக ஏற்கும் மனிதர் இருக்கும்வரையே புகலிடம் நிலைக்கும். சுல்தானின் தோட்டம் காக்காத பூனைகளைக் காதியின் பொறுப்புணர்வு காத்தது.

முறிந்த மரபும் மீண்ட மரபும்

நற்செயல்களை மட்டும் எண்ணிப் பெருமைப்படுதல் வரலாறு ஆகாது. உதுமானியத் தலைநகராகிய இஸ்தான்பூலில் தெரு நாய்களுக்கு உணவிடுவதும், வாசலில் நீர்த்தொட்டி வைப்பதும் மக்களின் நீண்டகால வழக்கமாயிருந்தன. ஐரோப்பியப் பயணிகள் பலர் அதை வியந்து எழுதினர். ஆயினும் 1910இல், நகரைப் புதுமைப்படுத்துகிறோம் என்ற எண்ணத்தில், நகர நிருவாகம் பல்லாயிரம் நாய்களைப் பிடித்து மர்மராக் கடலிலுள்ள சிவ்ரியடா என்னும் பாறைத்தீவில் கொண்டுபோய் விட்டது. அங்கே உணவில்லை, நன்னீரில்லை. அவை ஒன்றையொன்று கடித்துத் தின்றும் பட்டினியாலும் மடிந்தன. அந்நகர மக்கள் இச்செயலை நெடுங்காலம் ஒரு பாவமாகவே நினைவுகூர்ந்தனர். துருக்கியில் 2004இல் இயற்றப்பட்ட சட்டம் தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசியிட்டு, மீள விடும் வழியை வகுத்தது. 2024இல் அச்சட்டம் மாற்றப்பட்டு, அவற்றைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும் ஏற்பாடு வந்தபோது நாடெங்கும் கடும் விவாதம் எழுந்தது.

நமக்கு அண்மையிலுள்ள பம்பாயிலும் இதனையொத்த நிகழ்ச்சி ஒன்று நடந்தது. 1832இல் ஆங்கிலேய அரசு தெரு நாய்களைக் கொல்வோருக்குப் பணம் கொடுத்தது. பணத்துக்காக வீடுகளில் வளர்ந்த நாய்களையும் பிடித்துக் கொல்லத் தொடங்கவே, பார்ஸி மக்கள் வீதியிலிறங்கிக் கிளர்ச்சி செய்தனர், கடைகள் மூடப்பட்டன. இரு ஆண்டுகளின் பின், 1834இல், பார்ஸி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் அவர்களும் ஏனைய வணிகர்களும் சேர்ந்து ஒரு பிஞ்சராப்போல், அதாவது ஆதரவற்ற பிராணிகளின் காப்பகம் அமைத்தனர். கோபம் கிளர்ச்சியோடு அடங்கிவிடாமல் ஒரு நிலையான நிறுவனமாக மாறியது என்பதே இங்கு நோக்கத்தக்கது. பூலேஷ்வர் பகுதியில் அக்காப்பகம் இன்றும் உள்ளது.

நமது கொழும்பின் கதை

இனி நம் ஊருக்கு வருவோம். இலங்கையில் விசர்நாய்க்கடி நோய்ச் சட்டம் 1893இல் இயற்றப்பட்டது. கட்டாக்காலி நாய்களைப் பிடித்து அழிக்க அச்சட்டம் வழி செய்தது. 1907இல் மிருகவதைத் தடைச் சட்டம் வந்தது. அதன்கீழ் விதிக்கத்தக்க உயர்ந்த அபராதம் நூறு ரூபா. அன்று அது பெருந்தொகை. ஒரு நூற்றாண்டு கடந்தும் அத்தொகை மாற்றப்படாதிருந்தமையால் சட்டம் பல்லிழந்தது. 2006இல் சட்ட ஆணைக்குழு மிருக நலன் பற்றிய புதிய சட்டவரைவொன்றைத் தயாரித்தது. அது சட்டமாகாமல் பல ஆண்டுகள் இழுபட்டது.

நாய்களைக் கொல்வதால் நோய் ஒழிந்ததா? ஒழியவில்லை. 1973ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தனர். நாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருந்த நாட்டில் நிகழ்ந்தது இது. காரணம் எளிது. ஒரு தெருவிலுள்ள நாய்களை அகற்றினால், அங்குள்ள உணவை நாடி அயற்தெரு நாய்கள் வந்து சேரும். புதிதாக வருபவை தடுப்பூசி பெறாதவை. மாறாக, ஒரு பகுதி நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசியிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. எழுபதுகளின் நடுப்பகுதி முதல் நாய்களுக்கான தடுப்பூசித் திட்டமும், கடியுண்டவர்களுக்கான சிகிச்சையும் விரிவடைந்தன. இறப்புகள் படிப்படியாகக் குறைந்து, அண்மைய ஆண்டுகளில் சில பத்துகளாயின.

2006இல், அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ அவர்களின் ஆட்சியில், கட்டாக்காலி நாய்களைக் கொல்வதை நிறுத்தும் கொள்கை அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே, கொழும்பு மாநகர சபையும் ப்ளூ போ ட்ரஸ்ட் என்னும் தொண்டு நிறுவனமும் உலக மிருகப் பாதுகாப்புச் சங்கத்தின் உதவியுடன் நகரத்து நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் வழங்கும் திட்டத்தைத் தொடங்கின. அடுத்துவந்த சில ஆண்டுகளில் நகரத்து நாய்களிடையே விசர்நோய் பெருமளவு குறைந்தது. அதே 2007இல் ஒட்டாரா குணவர்தன அவர்கள் எம்பார்க் என்ற அமைப்பைத் தொடங்கி, தெரு நாய்களுக்குச் சிகிச்சையளித்து வீடு தேடிக் கொடுக்கும் பணியை முன்னெடுத்தார். ஆழிப்பேரலையின் பின்னர் தெற்கே மிதிகமையிலும் காயமுற்ற நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஒரு சரணாலயம் எழுந்தது. வீடு கிடைக்காதவை அத்தகைய இடங்களில் தம் வாழ்நாள் முழுவதும் தங்குகின்றன.

நேயர்களே, இப்பணிகளில் நமது பெயர்கள் எத்தனை? நமது அயலவர்களிற் பலர் ஹஜ்ஜுப் பெருநாளின் குர்பானி காலத்தில் மாத்திரமே நம்மைப் பிராணிகளோடு சேர்த்து நினைக்கின்றனர். அறுக்கும்போதும் கத்தியைத் தீட்டி, பிராணியை வருத்தாதிருக்கும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதை நாம் வாதத்தால் நிறுவவியலாது. மழைநாளில் கூண்டைக் கழுவும் கைகளால் மட்டுமே நிறுவலாம்.

புகலிடம் சிறையாகாதிருக்க

கொல்லாப் புகலிடம் நடத்துதல் எளிதன்று. எதையும் கொல்லாமையால் இடம் விரைவில் நிரம்பிவிடுகின்றது. முதியவையும் ஊனமுற்றவையும் ஆண்டுக்கணக்கில் தங்குகின்றன. உணவு, மருந்து, மிருக வைத்தியர் கட்டணம் ஆகியவை நாள் தவறாது தேவைப்படுகின்றன. கைகள் போதாவிடின், அன்பால் தொடங்கிய இடமே வதைக்கூடமாகிவிடும்.

பூனையொன்றை அடைத்து வைத்தமையால் தண்டனைக்குள்ளான பெண்ணின் செய்தியை இந்த நோக்கில் சிந்தியுங்கள். அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. தானே இரைதேடி உண்ண விடவும் இல்லை. ஆதலால் பிராணியை உள்ளே வைத்திருப்பது மட்டும் புண்ணியமாகிவிடாது. வைத்திருப்பவன்மீது பொறுப்பு ஏறிவிடுகின்றது. அப்பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளச் செல்பவரே தொண்டர். கூண்டைக் கழுவுவதும், பாத்திரத்தில் நீர் மாற்றுவதும், புண்ணுக்கு மருந்திடும்போது பிடித்துக்கொள்வதும், பிராணியை ஏற்கத்தக்க நல்ல குடும்பத்தைத் தேடுவதும் அவர் பணிகள். புகைப்படம் எடுத்துத் திரும்புவது தொண்டாகாது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாயினும், குறித்த நாளில் தவறாது செல்வதே தொண்டு.

அஞ்சிய உயிரோடு நட்பு

அடியும் பட்டினியும் கண்டு வந்த பிராணி மனிதனை உடனே நம்பாது. இளைஞர்கள் இங்கேதான் பொறுமையைக் கற்கின்றனர். நேராக அதன் முன்சென்று கண்ணை உற்றுநோக்கலாகாது. அதை அது மிரட்டலாகக் கொள்ளும். சற்று எட்ட, பக்கவாட்டில் தாழ்ந்து அமர வேண்டும். கையை நீட்டித் தலையைத் தடவ முயலாது, அது தானாக வந்து மோப்பம் பிடிக்க விடவேண்டும். ஒரே நேரத்தில், ஒரே குரலில், ஒரே மனிதர் உணவு கொண்டுவரின் அச்சம் மெல்லக் குறையும். பூனை கண்களை மெதுவாக மூடித் திறக்குமாயின் அது அமைதியுற்றதன் அடையாளம். காதுகளைப் பின்னே மடித்து வாலை அடித்துக்கொண்டிருப்பின் விலகி நிற்க வேண்டும். சில பிராணிகளுக்கு இதற்கு நாட்கள் போதும். சிலவற்றுக்கு மாதங்கள் தேவை. ஒட்டகத்தின் காதின் பின்னே தடவிய கரத்தின் மென்மையை நாம் அங்கே ஒரு சுன்னத்தாக உயிர்ப்பிக்கலாம்.

நஜீஸும் நோயும்

பெற்றோர்களே! நாய் நஜீஸ் என்பது நமது மத்ஹபின் சட்டம். அதை நாம் இலேசாக எண்ணுவதில்லை. ஆயினும் அது தூய்மை பற்றிய சட்டமேயன்றி, இரக்கத்துக்குத் தடையன்று. நாயும் நம் உடலும் உலர்ந்த நிலையில் தொட்டுக்கொள்வதால் நஜீஸ் ஒட்டுவதில்லை. ஈரமிருப்பின் ஏழு முறை கழுவ வேண்டும், அவற்றுள் ஒன்று மண் கலந்த நீராதல் வேண்டும். இதற்கு வழி எளிது. தொண்டுக்கெனத் தனி உடை, கையுறை, இறப்பர்ச் சப்பாத்து வைத்துக்கொண்டு, பணி முடிந்ததும் முறைப்படி கழுவி உடைமாற்றித் தொழலாம்.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். வேட்டை, மந்தை, பயிர்க்காவல் போன்ற தேவையின்றி வீட்டில் நாய் வளர்ப்பதை நபிமொழி தடுக்கின்றது. அப்படியாயின் தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாய்க்கு ஒரு முஸ்லிம் எவ்வாறு உதவுவான்? வீட்டுக்கு வெளியே, அதற்கெனவுள்ள இடத்தில் சென்று பணிசெய்வதே அவனுக்கு மிகப் பொருத்தமான வழி. புகலிடம் நமது சட்டத்தோடு முரண்படவில்லை. சட்டத்துக்கும் இரக்கத்துக்கும் ஒருங்கே இடம் தருகின்றது.

பூனையைப் பொறுத்தவரை அத்தடையும் இல்லை. அபூகதாதா (ரழி) அவர்கள் வுழூச் செய்யும் நீரை நாடி வந்த பூனைக்குப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். அதைக் கண்டு வியந்த மருமகள் கப்ஷாவிடம், பூனை நஜீஸ் அன்று, உங்களைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என்ற நபிமொழியின் கருத்தை எடுத்துரைத்தார்கள்.

கருத்தடை விடயத்தில் ஒரு சொல். உண்ணப்படாத பிராணிக்குக் காயடித்தலைப் பழைய ஷாபிஈ நூல்கள் தடுத்துள்ளன. இன்றைய அறிஞர் பலர், வலியின்றி மருத்துவமுறையில், பெருந்தீங்கைத் தவிர்க்கும் நோக்கில் அதனை அனுமதித்துள்ளனர். இதில் ஐயமுள்ளோர் உலமாக்களை அணுகித் தெளிவு பெறுவதே நன்று.

நோய் பற்றிய அச்சத்துக்கு விடை அறிவே. தொண்டுக்குச் செல்லுமுன் மருத்துவரின் ஆலோசனையுடன் தடுப்பூசி பெறுங்கள். கடியோ கீறலோ பட்டால், ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவி, அன்றே அரச மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே சிகிச்சை இலவசம். மஞ்சளோ எண்ணெயோ பூசிவிட்டு வீட்டிலிருப்பது உயிருக்கே ஆபத்தாகும். சிறுவர்களைப் பெரியவர் துணையின்றி அனுப்ப வேண்டாம்.

மனிதர் பட்டினி கிடக்கையில் மிருகத்துக்கு எதற்கு என்ற கேள்வி எஞ்சுகின்றது. காதியின் முற்றத்துக்கு வந்தது மனிதர் உண்ணாத கழிவு இறைச்சி. ஏழையின் தட்டிலிருந்து எடுத்தது எதுவுமில்லை. நமது வீடுகளிலும் திருமண மண்டபங்களிலும் எஞ்சும் உணவின் அளவை நாம் அறிவோம். அன்றியும், பேசவியலாத உயிரின் பசியை உணரப் பழகிய பிள்ளை, பக்கத்து வீட்டாரின் பசியைக் கண்டும் காணாதிருக்க மாட்டான்.

அன்பார்ந்த இளைஞர்களே! சுல்தான் பைபர்ஸின் தோட்டம் இன்றில்லை. அதற்கு எஞ்சியிருந்த பதினைந்து பியாஸ்தரும் இல்லை. ஆனால் இமாம் இஸ்ஸுத்தீன் (ரஹ்) அவர்கள் எழுதிவைத்த உரிமை இரத்தாகவில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அலையும் பயன் தராத உயிர்களுக்கும் அது உரியது. அந்த வக்புக்கு இனி நீங்களே பொறுப்பாளர்கள்.

படைப்புகள் அனைத்தின் மீதும் கருணை பொழியும் வல்ல அல்லாஹ், நமது உள்ளங்களை மென்மையாக்கி, நமது கரங்களை நற்பணியில் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.